மரணப் படுக்கையும் தாதியின் குறிப்பேடும்

மனிதன் இறக்கும் வேளையில் அவனருகே இருப்பவர் ஆற்றும் பணிக்குச் சாட்சி எது? முதற் பார்வையில் இஃது ஆஸ்பத்திரி நிருவாகத்தைச் சார்ந்த சிறு வினாவாகத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து உழைப்பு, மொழி, மதம், மனிதனின் இறுதிச் சுதந்திரம் ஆகிய பெரு வினாக்கள் இதனுள் அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். ஆதலின் தாதியரிடமும் நிருவாகிகளிடமும் இதனை விட்டுவிடாது, சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கும் நாமும் எடுத்து ஆராய்தல் தகும்.

நமது அரசினர் வைத்தியசாலைகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டுக் கட்டு உண்டு. 'பெட் ஹெட் டிக்கெற்' என்று அதனைச் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கும், பகல் ஒரு மணிக்கும், மாலை ஏழு மணிக்கும் தாதியர் முறை மாறும்பொழுது, முன்னவர் எழுதியதைப் படித்தே பின்னவர் பணியைத் தொடங்குகிறார். காய்ச்சல் எவ்வளவு, நாடித் துடிப்பு எவ்வளவு, குடித்த நீர் எவ்வளவு, கழிந்த சிறுநீர் எவ்வளவு, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பன அதிலே எழுதப்படுகின்றன. வலியையும் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணாகக் குறிக்கும் முறை வந்துள்ளது. இவை யாவும் வேண்டியவையே. இவற்றுள் ஒன்று தவறினாலும் உயிருக்குத் தீங்கு நேரும்.

ஆயின், அந்தச் சீட்டில் ஏறாத ஒரு நிகழ்ச்சியை நாம் எண்ணிப் பார்ப்போம். இரவு இரண்டு மணி. புற்றுநோய் முற்றிய முதியவர் ஒருவர் உறங்காது கிடக்கிறார். "பிள்ளை, கொஞ்ச நேரம் இதிலை இரு" என்று தாதியைக் கேட்கிறார். அவள் இருக்கிறாள். எல்லை வேலிச் சண்டையினால் இருபது ஆண்டுகளாகப் பேச்சின்றிப் போன தமையனைப் பற்றி அவர் சொல்கிறார். பிழை தம்முடையது என்கிறார்; ஒருமுறை பார்த்தாற் போதும் என்கிறார். கால் மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்கிறாள். பின்னர் அடுத்த கட்டிலில் சேலைன் முடிந்துவிட, எழுந்து போகிறாள். விடியற்காலையில் அவள் சீட்டில் எழுதுவது, நோயாளி பதற்றமாயிருந்தார், ஆறுதல் கூறப்பட்டது என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள். ஏழு மணிக்கு வரும் தாதிக்குத் தமையனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பகலில் முதியவர் இறக்கிறார். மூன்று மைல் தூரத்திலிருந்த தமையனுக்கு இறந்த செய்திதான் போகிறது.

இங்கே எவரும் குற்றம் செய்யவில்லை. தாதி அன்புடையவள், விதிப்படி எழுதியவள். ஆயினும் ஒரு மனிதனின் கடைசி வேண்டுகோள், முறை மாறிய அந்த ஐந்து நிமிடத்தில் தொலைந்து போயிற்று. இந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்பதே நமது விசாரணையின் தொடக்கம்.

முன்னாளில் நம்மவர் பெரும்பாலும் வீட்டிலேயே இறந்தனர். திண்ணையிலோ நடு அறையிலோ படுக்க வைத்து, உறவினர் சூழ்ந்திருந்து, தேவாரமோ திருவாசகமோ படித்து, பால் பருக்கி வழியனுப்பினர். கத்தோலிக்கர் இல்லங்களில் குருவானவர் வந்து நோயிற்பூசுதல் செய்தார். முஸ்லிம்கள் கலிமாவைச் செவியிற் சொல்லிக் கொடுத்தனர். இன்று நிலைமை வேறு. போரும் புலப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்துவிட்டன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, தாயும் தந்தையும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறக்கின்றனர். கைத்தொலைபேசியின் சிறு திரையில் மகனின் முகம் தோன்றுகிறது. அதைப் பிடித்துக் கொண்டிருக்கும் கை தாதியின் கை. முன்னர் ஒரு முழுக் குடும்பமும் அயலும் சேர்ந்து செய்த வேலை, ஒரு விடுதி முழுவதற்கும் இரண்டொருவராக இரவுக் கடமை பார்க்கும் பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது. இவ்வேலைக்கு ஊதியப் பட்டியலிலே பெயரில்லை; கடமைப் பட்டியலிலே நேரமில்லை.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியத்தின் கூறுகள் நான்கு என்றார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவனையும் 'உழைச்செல்வான்' என்று நான்காவதாக எண்ணினார். அந்த நால்வருள் மூவரின் செயல் நமது சீட்டில் விரிவாக ஏறுகிறது. நான்காமவரின் செயலிற் பாதி ஏறுவதேயில்லை.

இதற்கு ஒரு சாரார் கூறும் விடை உண்டு. அன்பை எழுதுவது எப்படி? எழுதினால் அஃது அன்பாகுமா? தாய் தன் பிள்ளையைத் தாலாட்டியதற்குக் கணக்கு வைப்பாளா? இவ்வாறு அவர்கள் கேட்கின்றனர். கேள்வி அழகானது. ஆயின் இவ்வழகிய கேள்வியினாலேயே பெண்களின் உழைப்புக் காலங்காலமாகக் கணக்கிலிருந்து மறைக்கப்பட்டு வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பேணலும் 'இயல்பான அன்பு' எனப் போற்றப்பட்டன. போற்றப்பட்டமையாலேயே கூலியும் ஓய்வும் மறுக்கப்பட்டன. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், தன் உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் பிறருக்கு இதமளிப்பதும் ஒருவகை உழைப்பே என நிறுவினார். அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரும் இட்டார். தாதியின் கால் மணி நேரமும் அத்தகைய உழைப்பே. எழுதப்படாத உழைப்புக்கு ஆளணி கிடையாது. 'இத்தனை நோயாளருக்கு இத்தனை தாதியர்' என்று கொழும்பிலே கணக்குப் போடப்படும்பொழுது, ஊசியும் மருந்தும் எண்ணப்படுகின்றன. உட்கார்ந்து கேட்ட நேரம் எண்ணப்படுவதில்லை.

தாதிமைத் தொழிலின் முன்னோடியான புளோரன்ஸ் நைற்றிங்கேலை, விளக்கேந்திய கருணை மாது என்றே பாடநூல்கள் நமக்குக் காட்டின. அவர் பெரும் புள்ளிவிவர அறிஞர் என்பதை அவை அழுத்திச் சொல்லவில்லை. கிரிமியப் போரில் காயத்தினால் இறந்த வீரரைவிடத் தடுக்கத்தக்க நோயினால் இறந்தவர் தொகையே பெரிது என்பதை, 1858இல் வரைபடமாக்கி ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். அவருடைய கருணைக்கு வலுத் தந்தது அவருடைய பதிவேடு. எழுதுவது அன்புக்குப் பகை என்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இனி, மறு சாராரை நோக்குவோம். எல்லாவற்றையும் படிவமாக்கி, உளத்தேவைக்கு ஒரு கட்டம், ஆன்மிகத் தேவைக்கு ஒரு கட்டம் எனப் போட்டுவிட்டால் குறை தீரும் என்பது அவர்கள் கருத்து. இக்கருத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கத் தாதியர் வகுத்த தாதிமைக் கணிப்புகளின் பட்டியலில் 'ஆன்மிகத் துயர்' என்பது 1978இலேயே இடம்பெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தந்த வரைவிலக்கணத்திலும், உடல் வலியோடு உளம், சமூகம், ஆன்மா சார்ந்த துன்பங்களும் சேர்க்கப்பட்டன. நமது நாட்டுச் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு ஒரு தேசியத் திட்டச் சட்டகத்தை வகுத்தது. கொள்கை அளவில் எவரும் இதனை மறுக்கவில்லை.

படிவம் மாத்திரம் போதுமா என்பதற்கு இங்கிலாந்து ஒரு கசப்பான விடை தந்திருக்கிறது. இலிவர்பூலிலே 1990களின் பிற்பகுதியில், இறப்போரைப் பராமரிப்பதற்கென ஒரு வழிமுறைப் படிவம் உருவாக்கப்பட்டது. நல்ல மனத்தோடு, சிறந்த நோய்த்தணிப்பு இல்லங்களின் அனுபவத்தைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவரச் செய்யப்பட்ட முயற்சி அது. சமய, ஆன்மிகத் தேவைகள் விசாரிக்கப்பட்டனவா என்ற கட்டமும் அதில் இருந்தது. படிவத்தைப் பின்பற்றிய வைத்தியசாலைகளுக்குப் பண ஊக்குவிப்பும் கிடைத்தது. நாளடைவில், கட்டத்திற் சரியடையாளம் இடுவதே பராமரிப்பு என்றாகிவிட்ட இடங்கள் பல. குடும்பத்தாருக்குச் சொல்லாமலே நோயாளர் அவ்வழியில் இடப்பட்டனர் என்ற முறைப்பாடுகள் பெருகின. பரோனஸ் நியூபேகர் தலைமையிலான குழு 2013 யூலையில் தன் அறிக்கையை வெளியிட்டு, அப்படிவத்தைப் படிப்படியாகக் கைவிடுமாறும், பண ஊக்குவிப்பை நிறுத்துமாறும் கூறியது. படிவம் பிழையென்று அக்குழு கூறவில்லை. நேரமும் பயிற்சியும் ஆளும் தராது படிவத்தை மாத்திரம் தந்ததே பிழை என்பதை அதன் கண்டறிவுகள் காட்டின. கட்டம் நிரம்பியது, கட்டிலருகே இருக்கை வெறுமையாகவே கிடந்தது.

ஆகவே எழுதாதிருத்தலும் தீங்கு. எழுதுவதற்காக எழுதுதலும் தீங்கு. எனின், எப்படி எழுதுவது? இதற்கு வழி காட்டக்கூடியவர் சிசிலி சோண்டர்ஸ். அவர் முதலில் தாதியாகவும், பின்னர் ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளராகவும், 1957இல் வைத்தியராகவும் ஆனவர். 1967இல் இலண்டனிலே புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னர், ஹக்னி என்னும் இடத்திலிருந்த புனித யோசேப்பு இல்லத்தில் ஏழை நோயாளரிடையே பணி செய்த காலத்தில், அவர்கள் பேசியதைக் கவனமாகக் குறித்தும் ஒலிப்பதிவு செய்தும் வந்தார். உடல், மனம், குடும்பம், பணம், வாழ்வின் பொருள் எல்லாம் ஒன்றாக நோகின்ற 'முழு வலி' என்ற கோட்பாடு அக்குறிப்புகளிலிருந்தே பிறந்தது. நோயாளர் தம் வாயாற் சொன்னது அச்சொல்லிலேயே எழுதப்பட்டமையால் மருத்துவ விஞ்ஞானத்துக்கே ஒரு புதிய கண் கிடைத்தது.

இவ்விடத்திலேதான் நம் மொழி பற்றிய வினா எழுகிறது. சோண்டர்ஸ் கேட்ட மொழியும் எழுதிய மொழியும் ஒன்றே. நம் தாதி தமிழிலே கேட்கிறாள். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகிறாள். "நெஞ்சுக்குள்ளை என்னவோ அடைச்சுக் கொண்டிருக்குது" என்ற ஒரு தாயின் சொல்லை அவள் எப்படி எழுதுவாள்? அது மூச்சுத் திணறலா, அழுகையா, சொல்லாது வைத்திருக்கும் ஒரு செய்தியா? தனக்குத் தெரிந்த சில ஆங்கிலத் தொடர்களுள் ஒன்றில் அதனை அடைத்துவிடுகிறாள். அத்தொடருள் தாயும் இல்லை. அவள் நெஞ்சும் இல்லை.

இதற்கு மாற்று யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலாய நூல்கள் அம்முயற்சியில் தமிழில் வந்தன. அவருக்குப் பின்னர் அந்த மரபு அறுந்தது. மருத்துவம் முழுவதையும் நாளையே தமிழாக்கிவிடலாம் என்று நாம் வாதிட வரவில்லை. மருந்தின் அளவு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நோயாளியின் வேண்டுகோள் அவருடைய மொழியில், அவருடைய சொல்லில் ஒரு வரியாக அச்சீட்டில் ஏறுவதற்கு எந்த விஞ்ஞானம் தடை?

அடுத்து, ஆன்மிகம் என்ற சொல். முற்போக்காளராகிய நம்மிற் பலருக்கு இச்சொல் கேட்டதும் ஐயம் உண்டாகும். அவ்வையம் காரணமற்றதன்று. கிறீன் பிறந்த அதே 1822இலேயே ஆறுமுக நாவலரும் பிறந்தார். மிசன் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் மதமாற்றத்தின் வாயில்கள் என்று நாவலர் வழியினர் கொண்ட சினத்தில் உண்மை ஒரு பகுதி இருந்தது. நோயாளியின் இயலாமை, பிறர் தம் நம்பிக்கையை விதைக்கும் வயலாகிவிடல் கூடாது. அதே வேளை, சைவம் காத்த சமுதாயம் சாதியின் பேரால் மனிதரைக் கோயில் வாயிலிலேயே நிறுத்தியதையும் நாம் அறிவோம். 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர் பலர் பின்னர் முதுமையடைந்து ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு வந்திருப்பர். அவர்களுள் ஒருவர் "எனக்குத் திருநீறு வேண்டாம், கிரியையும் வேண்டாம்" என்று சொன்னால், அச்சொல்லுக்குக் காவல் யார்? இன்னொருவர், தமக்கு மறுக்கப்பட்ட அந்தக் கோயிலின் திருநீற்றையே கடைசியாகக் கேட்டால், அதனை நகைக்க நமக்கு உரிமை உண்டா? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பல்லாண்டுகளின் பின் மீண்ட ஒரு முஸ்லிம் முதியவர், தம்மைக் கிப்லாவை நோக்கித் திருப்பிவிடுமாறு கேட்டால், அது விடுதியிலுள்ள எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?

ஆன்மிகத் தேவை என்பதை மதம் என்ற ஒரு சொல்லாற் சுருக்குவது தவறு. நான் வாழ்ந்ததற்குப் பொருள் உண்டா, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாரிடம் விடை பெற வேண்டும் என்ற வினாக்கள் நாத்திகனுக்கும் உண்டு. 'மதம்: இந்து' என்று அனுமதிச் சீட்டில் எழுதியதோடு விசாரணை முடிந்துவிட்டது என்று எண்ணுவது, அவ்வினாக்களை அவனிடமிருந்து பறிப்பதாகும். வேண்டும் என்பதை எழுதுதல் போலவே வேண்டாம் என்பதையும் எழுதுதல் பராமரிப்பே. இறக்கும் மனிதனின் கருத்து வேறுபாட்டை உறவினரிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் காப்பதற்கு எழுத்தைவிட வேறு துணை இல்லை.

எழுத்தின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. இந்த மண்ணிலே காகிதத்தில் ஒரு பெயர் இருப்பதே ஆபத்தான காலம் இருந்தது. 1987 ஒக்ரோபர் 21, 22ஆந் திகதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியினுள்ளே இந்திய அமைதிப் படையினரின் கையால் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நோயாளரும் தாதியரும் ஒன்றாக இறந்த விடுதிகள் நம்முடையவை. அக்கொலைகளை நாம் இன்று அறிவது, உயிர் தப்பியோர் சொன்னதைச் சிலர் துணிந்து எழுதி வைத்தமையாலேயே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம அவர்களுள் ஒருவர். அவரும் தோழர்களும் எழுதிய 'முறிந்த பனை' உலகுக்கு வந்தபொழுது அவர் உயிரோடு இல்லை; 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்து சாட்சியாகும் என்பதையும், எழுதுபவர்க்கும் எழுதப்பட்டவர்க்கும் அது ஆபத்தாகும் என்பதையும் இம்மண் ஒருங்கே கற்றிருக்கிறது.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரை எண்ணுவோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய அவர்களின் தொடர் போராட்டத்தில் இருந்தவர்கள் பலர், விடை கிடையாமலே இறந்து போயினர். அத்தகைய ஒரு தாய் கடைசி இரவில் "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்டால், தாதி என்ன சொல்வது? வந்துவிட்டான் என்ற பொய்யா? வரமாட்டான் என்ற, எவரும் நிரூபியாத தீர்ப்பா? "அவனைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டு, அவள் சொல்வதைக் கேட்டிருப்பதே நேர்மையான விடை என்று நாம் கருதுகிறோம். பின்னர் சீட்டில் அவள் என்ன எழுதுவது? 'குழப்பமான பேச்சு' என்று எழுதினால், ஒரு நாட்டின் அநீதி ஒரு கிழவியின் மூளைக் கோளாறாக மாற்றப்பட்டுவிடும். மகனின் பெயரையும் அவள் சொன்ன இடத்தையும் அவளைக் கேளாது எழுதினாலும், அவளது இரகசியம் எவர் கைக்கும் போகும். "மகனைப் பற்றிப் பேச விரும்புகிறார், அருகிருந்து கேட்க" என்ற ஒரு வரி போதும். அடுத்த முறைக்கு வருபவளுக்கு அவ்வரி ஒரு கடமையைத் தருகிறது. தாயின் இரகசியத்தைத் தொடவில்லை.

இதிலிருந்து நாம் அடையும் முடிவு இது. தாதியின் குறிப்பு அடுத்த கைக்காக எழுதப்படல் வேண்டும். தாதி எவ்வளவு அன்பு காட்டினாள் என்று மேலதிகாரி அளப்பதற்காக எழுதப்பட்டால் அது பொய்யாகிவிடும். நோயாளியின் நெஞ்சைத் திறந்து காட்டுவதற்காக எழுதப்பட்டால் அது காட்டிக்கொடுப்பாகிவிடும். அவர் என்ன வேண்டினார், எதனை வேண்டாம் என்றார், யாரைக் காண விரும்பினார், எது இன்னும் செய்யப்படவில்லை ஆகிய நான்கும், அவருடைய சம்மதத்தோடு, அவருடைய சொல்லில் எழுதப்படுமாயின் அது போதுமானது. "இதை மற்றப் பிள்ளையளுக்கும் சொல்லட்டோ?" என்று கேட்க அரை நிமிடம் செல்லாது. அவ்வாறு கேட்பதே நோயாளியை மீண்டும் ஒருமுறை தன் வாழ்வுக்கு உரிமையாளராக்குகிறது.

நேரத்துக்கு எங்கே போவது என்று தாதியர் கேட்பார்கள். கேட்பது நியாயம். கடமையை மேலும் ஒரு வரி கூட்டிவிட்டு ஆளைக் கூட்டாதிருப்பது சுரண்டலின் இன்னொரு வடிவமே. ஆதலின் இக்கோரிக்கை ஆளணிக் கோரிக்கையோடு சேர்ந்தே எழல் வேண்டும். தாதியரின் தொழிற்சங்கங்களும் இதனைத் தமதாக்கிக் கொள்ளல் வேண்டும். மக்களுக்கும் இதிற் பங்கு உண்டு. கேரளத்திலே 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டி வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசே அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. நம்மிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2011இல் தெற்கே தெவுந்தரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் திரட்டிய நிதியாலேயே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. கட்டடம் எழுப்பக் கூடிய கால்கள், கட்டிலருகே சிறிது நேரம் இருக்கவும் கூடும்.

நம் வாசகருள் ஆசிரியரும் மாணவரும் பலர். தாதியாகப் போகும் மாணவியருக்கு, தமிழிலே ஒரு மனிதனின் சொல்லைத் திரிக்காது, கூட்டாது, குறைக்காது ஒரு வரியில் எழுதப் பழக்குவது நமது வகுப்பறையின் வேலை. மொழிப்பாடத்தின் பயன் பரீட்சையோடு முடிவதன்று. நாளை இரவு இரண்டு மணிக்கு ஒரு விடுதியில் யாரோ ஒருவர் "பிள்ளை" என்று அழைப்பார். அவர் சொல்வதைக் கேட்கவும், கேட்டதை அடுத்தவளிடம் ஒப்படைக்கவும் அவளுக்கு நேரமும் சொல்லும் உரிமையும் இருக்கச் செய்வது, உயிரோடிருக்கும் நம் எல்லாருடைய பொறுப்பாகும்.